உறங்குவது காத்திருப்பது ஆகுமா?



தமிழ்ப்பள்ளிகளில் கணினிக்கூடப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களிடையே சில ஷெல் ஸ்கிரிப்டுகள் கைமாறி வருகின்றன. மாணவர் ஆக்கங்களுக்குக் காப்புப்படி எடுக்க ஒன்று, பழைய கோப்புகளை அகற்ற ஒன்று, காலையில் எல்லாக் கணினிகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர ஒன்று என்று அவை பலவகை. பெரும்பாலானவை ஆசிரியர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து எழுதியவை. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆயினும், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகின்றது. ‘ஸ்லீப் 10’, ‘ஸ்லீப் 30’, ‘ஸ்லீப் 60’. அந்த ஒற்றை வரியை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முனையத்தில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும் என்பதை அன்பர்கள் அறிவீர்கள்.

என் வாதத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நேரம் கடந்துவிட்டது என்பது, வேலை முடிந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. ஒரு வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்லீப்’ போடுகிறவர் காத்திருக்கவில்லை. கண்ணை மூடி உறங்குகிறார். விழித்தவுடன், எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று தாமே முடிவு செய்துகொண்டு அடுத்த வேலையைத் தொடங்குகிறார். இந்தப் பழக்கம் சோம்பலினால் வருவதாகப் பலர் நினைக்கின்றனர். நான் அப்படி நினைக்கவில்லை. சரிபார்ப்பது நம் கடமை என்று எவரும் நமக்குச் சொல்லித் தராததால் வருகின்றது.

ஸ்லீப் தரும் ஒரே வாக்குறுதி

யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1970களிலிருந்தே இருந்து வரும் கட்டளை இது. அதன் வேலை மிக எளிது. ‘ஸ்லீப் 30’ என்றால், ‘30 வினாடி ஒன்றும் செய்யாமல் இரு’ என்று பொருள். லினக்ஸில் நாம் பயன்படுத்தும் குனு ஸ்லீப், 0.5 போன்ற பின்னங்களையும் ஏற்கும். நிமிடம், மணி, நாள் என்றும் கணக்குக் கொடுக்கலாம்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொது விதி வகுக்கும் போசிக்ஸ் தரம், ஸ்லீப் ‘குறைந்தது’ இத்தனை வினாடி நிறுத்தி வைக்கும் என்றே சொல்கின்றது. கணினிக்குப் பளு மிகுந்திருந்தால் 30 வினாடி 31 ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். ஆக, ஸ்லீப் தருகின்ற ஒரே வாக்குறுதி, ‘இதற்கு முன்னால் எழமாட்டேன்’ என்பதுதான். வலையமைப்பு இணைந்துவிட்டது என்றோ, கோப்பு முழுமையாக எழுதப்பட்டுவிட்டது என்றோ, வழங்கி தயாராகிவிட்டது என்றோ அது ஒருபோதும் சொல்லவில்லை. சொல்லாத வாக்குறுதியை நாமாகவே அதன்மேல் ஏற்றி வைத்துவிட்டு, அது பொய்க்கும்போது கணினியைக் குறை சொல்கிறோம்.

உறங்குகிற ஸ்கிரிப்டைக் கூப்பிட்டாலும் அதற்குக் கேளாது. பாஷ் ஷெல்லில், நிறுத்தும்படி வருகின்ற குறிப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று ‘டிராப்’ கட்டளையின்வழி சொல்லி வைக்கலாம். ஆனால், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை முடிந்த பிறகுதான் பாஷ் அதைச் செய்யும். ஒரு மணி நேர ஸ்லீப் ஓடிக்கொண்டிருக்கும்போது, ‘தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துவிட்டு வெளியேறு’ என்று ஸ்கிரிப்டுக்கு மட்டும் செய்தி அனுப்பினால், அந்த ஸ்லீப் முடியும்வரை செய்தி வாசலிலேயே நிற்கும்.

எண் எங்கிருந்து வருகின்றது?

‘ஸ்லீப் 30’ என்று எழுதியவரிடம், ஏன் 30 என்று கேட்டுப் பாருங்கள். எவரும் அளந்து பார்த்து எழுதியிருக்கமாட்டார். முதலில் 5 போட்டிருப்பார். ஒருநாள் தவறியிருக்கும், 10 ஆக்கியிருப்பார். மறுபடி தவறியிருக்கும், 30 ஆக்கியிருப்பார். அந்த எண் கணக்கிலிருந்து வரவில்லை. பட்ட அடிகளிலிருந்து வந்திருக்கின்றது. கடைசியாக எந்த எண்ணில் தொல்லை நின்றதோ, அந்த எண் அப்படியே நிலைத்துவிட்டது. பிறகு அது இணையத்தில் ஏறுகின்றது. வேறொரு பள்ளியின் வேறொரு கணினிக்குப் படியெடுக்கப்படுகின்றது. அங்கே அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

இந்த எண்ணுக்கு இன்னொரு கேடும் உண்டு. எப்படி வைத்தாலும் அது தவறாகவே இருக்கும். சேமிப்பகம் பெரும்பாலான நாள்களில் 4 வினாடியில் இணைகின்றது, என்றோ ஒருநாள் 45 வினாடி எடுத்துக்கொள்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ‘ஸ்லீப் 30’ போட்டால் நல்ல நாள்களில் எல்லாம் 26 வினாடி வீண். கெட்ட நாளிலோ வேலையே பாழ். வீணாவதையும் சிறிதென்று தள்ளிவிட முடியாது. ஒரு ஸ்கிரிப்டில் இத்தகைய 30 வினாடி உறக்கம் நான்கு இருந்தால் 2 நிமிடம். அதே ஸ்கிரிப்டை 20 கணினிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் 40 நிமிடம். நம் தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை 30 நிமிடம்! ஒரு பாடவேளையைவிடக் கூடுதலான நேரம், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கே செலவாகின்றது.

சமையற்கட்டைப் பாருங்கள். சோறு வெந்ததா என்று அறிய நம் வீட்டுப் பெண்கள் கடிகாரத்தையா பார்த்தார்கள்? அகப்பையில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அரிசி பழையதா புதியதா, விறகு ஈரமா காய்ந்ததா என்பதற்கேற்ப வேகும் நேரம் மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் நேரத்தை நம்பவில்லை, பதத்தை நம்பினார்கள். எழுத்தறியாத பாட்டிக்குத் தெரிந்த இந்த முறை, பட்டம் பெற்ற நாம் எழுதும் ஸ்கிரிப்டில் இல்லாமற்போனது ஏன்?

நான்கு ஆண்டுகளின் ஆக்கங்கள் அழிந்த கதை

இது வெறும் நடைநயம் பற்றிய சண்டை என்று எண்ணுவோருக்காக ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டியுள்ளது. பள்ளியின் பெயரும் ஆசிரியர் பெயரும் வேண்டா.

அந்தப் பள்ளியில் மாணவர்கள் தட்டச்சு செய்த சிறுகதைகள், கதைசொல்லும் போட்டிக்காகப் பதிவுசெய்த குரல்கள், வரைந்த படங்கள் யாவும் வலையமைப்புச் சேமிப்பகம் ஒன்றில் இருந்தன. நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்தவை. ஒவ்வொரு காலையும் ஒரு கணினி அவற்றை வெளிவன்தட்டு ஒன்றில் படியெடுத்து வைக்கும். ஸ்கிரிப்ட் மிகச் சிறியது. சேமிப்பகத்தை இணைக்கும்படி சொல்லும். 30 வினாடி உறங்கும். பிறகு ‘ஆர்சிங்க்’ கட்டளையால் படியெடுக்கும். மூலத்தில் நீக்கப்பட்ட கோப்புகளைப் படியிலும் நீக்கிவிடு என்ற விருப்பத்தெரிவும் அதில் சேர்ந்திருந்தது. மூலமும் படியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

லினக்ஸில் வெளிச் சேமிப்பகம் ஒன்று, முன்பே இருக்கின்ற, வழக்கமாக வெறுமையான கோப்புறை ஒன்றின்மேல்தான் இணைக்கப்படுகின்றது. இணைப்பு ஏற்படவில்லை என்றாலும் அந்தக் கோப்புறை இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. அதைப் படியெடுக்கச் சொன்னால் ஆர்சிங்க் எந்தப் பிழையும் காட்டாது. அதன் கண்ணுக்கு அது, ஒரு கோப்பும் இல்லாத முறையான கோப்புறை. மூலத்தில் ஒன்றும் இல்லை. ஆதலால் படியிலும் ஒன்றும் இருக்கக்கூடாது. சொன்னதை அப்படியே செய்யும்.

ஒரு காலை, சேமிப்பகம் 30 வினாடிக்குள் இணையவில்லை. ஸ்கிரிப்ட் உறங்கி எழுந்தது, வெறுங்கோப்புறையைப் பார்த்தது, வெளிவன்தட்டில் இருந்த நான்கு ஆண்டு ஆக்கங்களை ஒன்றுவிடாமல் துடைத்தது. ‘காப்புப்படி வெற்றி’ என்று பதிவேட்டில் எழுதியும் வைத்தது. அதே வாரத்தில் சேமிப்பகத்தின் வன்தட்டு செயலிழந்தது. அது ஏன் அன்று காலை தாமதமாக எழுந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று. தட்டு பழுதாகிக்கொண்டிருந்தது, அதனால்தான் மெதுவாயிற்று. காப்புப்படி மிகவும் தேவைப்பட்ட நாளில்தான் அந்த ஸ்கிரிப்ட் காப்புப்படியை அழித்திருக்கின்றது.

மீட்க முடியுமா என்று பார்க்க என்னை அழைத்தார்கள். சென்று பார்த்தேன், முடியவில்லை. அந்தத் துயரத்தைவிட என்னை உலுக்கியது வேறொன்று. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அங்கிருந்த ஒருவர் சொன்னார்: “இனி அறுபது போட்டுவிடுவோம் ஐயா.”

அன்பர்களே, இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நோய் எதுவென்று தெரிந்த பிறகும், அதே மருந்தை இருமடங்காகக் கொடுக்கவே நம் மனம் நாடுகின்றது. 60 போட்டிருந்தால் அன்று தப்பித்திருக்கலாம். பழுதடைந்த தட்டு 70 வினாடி எடுக்கும் நாளில் என்ன ஆகும்? இணைப்பே ஏற்படாத நாளில் எந்த எண் காப்பாற்றும்?

கேட்டுத் தெரிந்துகொள்வதற்குரிய வழிகள்

குறைசொல்லிவிட்டு வழிசொல்லாமல் போவது ஆசிரியனுக்கு அழகன்று. வழிகள் உள்ளன, எதுவும் கடினமானதன்று.

முதல் வழி: காத்திருக்கப் போகும் வேலையை நம் ஸ்கிரிப்டே பின்னணியில் தொடங்கியிருந்தால், ‘வெயிட்’ கட்டளை இருக்கின்றது. அது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. அந்த வேலை எப்போது முடிகின்றதோ அப்போது, ஒரு வினாடிகூட வீணாக்காமல், அடுத்த வரிக்குச் செல்லும். அதைவிடச் சிறப்பு, அந்த வேலை வெற்றியா தோல்வியா என்ற விடையையும் கையோடு கொண்டுவரும். ஸ்லீப் கொண்டுவரும் விடை, தான் உறங்கி முடித்தேன் என்பது மட்டுமே.

இரண்டாம் வழி: வேறு எங்கோ நடக்கும் வேலைக்குக் காத்திருக்க வேண்டுமானால், கேட்டுக் கேட்டுக் காத்திருக்கலாம். ‘அன்டில்’ என்னும் சுழற்சி இதற்கென்றே உள்ளது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: இணைந்துவிட்டதா என்று கேள். இல்லையென்றால் 1 வினாடி பொறு. மீண்டும் கேள். 120 முறை கேட்டும் இல்லையென்றால், பிழைச்செய்தி எழுதிவிட்டு வேலையை நிறுத்து. இந்த நான்கு வாக்கியங்களும் ஸ்கிரிப்டில் ஏழெட்டு வரியாகும். சேமிப்பகம் இணைந்ததா என்று கேட்க ‘மவுண்ட்பாயிண்ட்’ என்ற கட்டளை லினக்ஸில் இருக்கின்றது. அதற்கும் மேல் உறுதி வேண்டுவோர், சேமிப்பகத்துக்குள் ஓர் அடையாளக் கோப்பை வைத்து, அது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே தொடரலாம்.

அந்த நான்காம் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எல்லையில்லாமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் பிழைதான். எல்லை முடிந்ததும் ஓசையோடு நிற்க வேண்டும். வேலை நடக்கவில்லை என்ற செய்தி மனிதர் ஒருவர் கண்ணில் பட வேண்டும். நான் சொன்ன பள்ளியில் இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால், ‘சேமிப்பகம் இணையவில்லை’ என்ற செய்தியோடு அன்றைய வேலை நின்றிருக்கும். வெளிவன்தட்டில் நான்கு ஆண்டுகளும் அப்படியே இருந்திருக்கும்.

மூன்றாம் வழி: ஒரு கட்டளை இவ்வளவு நேரத்துக்குமேல் போகக்கூடாது என்று வரம்பு கட்ட ‘டைம்அவுட்’ உள்ளது. வரம்பு மீறினால் அது அக்கட்டளையை நிறுத்திவிட்டு, 124 என்ற எண்ணை விடையாகத் தரும். அந்த எண்ணைப் பார்த்து, நேரம் போதாமல் நின்றது என்று ஸ்கிரிப்ட் அறிந்துகொள்ளலாம்.

நான்காம் வழி: கணினி எழும்போதே தொடங்கும் வேலைகளுக்கு, எதற்குப் பின் எது என்ற வரிசையை ‘சிஸ்டம்டி’யிடம் சொல்லிவிடலாம். இந்தக் கோப்புறை இணைந்த பிறகே இந்தப் பணியைத் தொடங்கு என்று ஒரே வரியில் எழுத அதில் இடமுண்டு. தொடக்கத்தில் 60 வினாடி உறங்குவதற்கு அங்கே தேவையே எழாது.

மாறுவேடத்தில் வரும் ஸ்லீப்

‘என் ஸ்கிரிப்டில் ஸ்லீப் இல்லை’ என்று பெருமை கொள்வோர் தங்கள் ‘கிரான்’ அட்டவணையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பின்னிரவு 1.00 மணிக்குப் படியெடுப்பு, 1.30க்குப் பழைய கோப்பு நீக்கம். இடையில் இருக்கும் அரைமணி நேரம் என்ன? அதுவும் ஸ்லீப்தான். பெயர் மட்டும் அட்டவணை! ஆண்டின் தொடக்கத்தில் படியெடுக்க 10 நிமிடம் போதும். கோப்புகள் பெருகப் பெருக அது 25 ஆகும், 35 ஆகும். என்றோ ஓர் இரவு, படியெடுத்து முடிவதற்குள் மூலக்கோப்புகளை நீக்கத் தொடங்கிவிடும். ஸ்கிரிப்டை எவரும் தொடவில்லை. ஆனால் பிழை வந்துவிட்டது. பகுதிநேரமாக இப்பொறுப்பைப் பார்க்கும் ஓர் ஆசிரியர் இதைக் கண்டுபிடிக்கப் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு வேலைகளையும் ஒரே ஸ்கிரிப்டில் வைத்து, நடுவில் && குறியை இட்டால் போதும். முதல் வேலை வெற்றியோடு முடிந்தால்தான் இரண்டாவது தொடங்கும். தோற்றால் தொடங்காது. ஒரே வேலை, முந்தைய சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடும் என்ற அச்சம் இருந்தால், ‘எஃப்லாக்’ கட்டளையால் பூட்டுப் போடலாம். உள்ளே ஒருவர் இருக்கும்போது மற்றவர் நுழைய முடியாது.

மறுப்புரைகளுக்கு என் விடை

‘நீங்கள் காட்டிய சுழற்சிக்குள்ளும் 1 வினாடி ஸ்லீப் இருக்கின்றதே!’ என்று ஓர் அன்பர் முன்பே கேட்டுவிட்டார். ஆம், இருக்கின்றது. அந்த உறக்கம், ஓயாமல் கேட்டுக் கணினியைத் தொல்லைப்படுத்தாமல் இருப்பதற்காக. அதை 2 ஆக்கினாலும் அரை வினாடியாக்கினாலும் ஸ்கிரிப்ட் சரியாகவே இயங்கும். விரைவு மட்டுமே சற்று மாறும். இதையே அளவுகோலாகக் கொள்ளலாம். எண்ணை மாற்றினால் ஸ்கிரிப்டின் வேகம் மாறுகின்றது என்றால் அந்த ஸ்லீப் இருக்கட்டும். எண்ணை மாற்றினால் விடையே மாறிப்போகின்றது என்றால், அங்கே பிழை ஒளிந்திருக்கின்றது.

‘பள்ளி மணியும் ஸ்லீப் போன்றதுதானே? 30 நிமிடம் ஆனால் அடிக்கின்றது. பாடம் முடிந்ததா என்று அது பார்ப்பதில்லையே’ என்பது இன்னொரு கேள்வி. நல்ல கேள்வி. மணி, பாடவேளை முடிந்தது என்று மட்டும் சொல்கின்றது. மாணவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று அது சொல்வதில்லை. மணி அடித்துவிட்டது, ஆகவே பின்னம் புரிந்திருக்கும், நாளை தசமத்துக்குப் போகலாம் என்று எந்த ஆசிரியராவது முடிவு செய்தால் அவரை என்னவென்று சொல்வோம்? பயிற்றுப் பணிக்கு நம்மை ஆயத்தப்படுத்தியபோது, பாடத்திட்டத்தின் இறுதியில் மதிப்பீடு என்ற கட்டத்தைக் கட்டாயமாக எழுத வைத்தார்கள். மணியை நம்பாதே, மாணவனைக் கேட்டுப்பார் என்பதே அதன் பொருள். வகுப்பறையில் நாள்தோறும் கடைப்பிடிக்கும் அந்த நெறியை, கணினியின் முன் அமர்ந்தவுடன் ஏன் கைவிடுகிறோம்?

‘சிறிய ஸ்கிரிப்டுக்கு இவ்வளவு தேவையா?’ என்போர்க்கு ஒன்று சொல்வேன். மேலே நான் சொன்ன ஸ்கிரிப்டும் சிறியதுதான். ஸ்கிரிப்டின் நீளத்தைப் பார்க்காதீர்கள். அதன் கையில் இருக்கும் பொருளைப் பாருங்கள்.

உறக்கம் தகும் இடங்கள்

ஸ்லீப் கட்டளையையே ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நேரமே தேவையாக இருக்கும் இடத்தில் அதுவே சரியான கருவி. அறிவிப்புத் திரையில் ஒரு படம் 10 வினாடி நிற்க வேண்டுமானால், ‘ஸ்லீப் 10’ என்பதைவிட நேர்மையான வரி இல்லை.

பிறர் வழங்கியைத் தொல்லைப்படுத்தாமல் இருப்பதற்கும் அது தகும. இணையத்திலிருந்து பல கோப்புகளை இறக்கும் ‘டபிள்யூகெட்’ கருவியில், ஒவ்வோர் இறக்கத்துக்கும் இடையே பொறுத்திருக்கச் சொல்லும் விருப்பத்தெரிவு உண்டு. ‘கர்ல்’ கருவியை மறுமுயற்சி செய்யும்படி பணித்தால், முதலில் 1 வினாடி, பிறகு 2, பிறகு 4 என்று இருமடங்காக்கிக்கொண்டே போய், 10 நிமிடத்தை உச்சவரம்பாகக் கொள்ளும். தடுமாறும் வழங்கிக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும் பண்பு அது. கூடத்தின் 30 கணினிகளும் ஒரே நொடியில் ஒரே வழங்கியின் கதவைத் தட்டாமல் இருக்க, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு தாமதித்துத் தொடங்குவதும் நல்ல வழக்கமே. இவற்றில் எதிலும், வேலை முடிந்திருக்கும் என்ற ஊகம் இல்லை என்பதைக் காண்க.

பிழையைத் தேடும் இடத்திலும் தாமதம் துணைசெய்யும். 2003 ஆகஸ்ட் 14ஆம் நாள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் கனடாவின் ஒன்டாரியோவும் இருளில் மூழ்கின. ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். மின்கம்பிகளை மரங்கள் உரசியது உட்பட அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஒகையோ மாநிலக் கட்டுப்பாட்டறை ஒன்றின் எச்சரிக்கை மென்பொருள் ஓசையின்றி நின்றுபோனது. இரண்டு செயல்கள் ஒரே தரவை ஒரே கணத்தில் தொட முந்தியதால் வந்த பிழை அது. இதைக் கணினியாளர் ‘ரேஸ் கண்டிஷன்’ என்பர். பந்தயப் பிழை என்று நாம் சொல்லலாம். பின்னர் அதைத் தேடியவர்கள், நிரலுக்குள் வேண்டுமென்றே தாமதங்களை நுழைத்து, ஓட்டத்தை மெதுவாக்கித்தான் பிழையை வெளிக்கொணர்ந்தனர். தாமதம் அங்கே நோயைக் காட்டிக் கொடுத்தது. நாமோ அதே தாமதத்தை வைத்து நோயை மூடி மறைக்கிறோம். ஸ்கிரிப்டில் ஸ்லீப் சேர்த்ததும் ஒரு பிழை காணாமற்போனால் மகிழாதீர்கள். பந்தயப் பிழை ஒன்று உள்ளே இருக்கின்றது என்பதற்கு அதுவே அறிகுறி.

பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கிறோம்?

இறுதியாக, ஓர் ஆசிரியனாக எனக்கு மிக நெருக்கமான செய்திக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே ‘ஸ்கிராட்ச்’ கற்கின்றனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி, 2007இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த நிரல்மொழி அது. வண்ணக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதலாம். அதில் இரண்டு கட்டைகள் இருக்கின்றன. ஒன்று, இத்தனை வினாடி காத்திரு என்பது. மற்றொன்று, இது நடக்கும்வரை காத்திரு என்பது. இக்கட்டுரையின் முழு வாதமும் அந்த இரண்டு கட்டைகளுக்குள் அடங்கிவிடும்.

பூனையும் நாயும் உரையாடும் காட்சியை மாணவர்கள் விரும்பிச் செய்வார்கள். பூனை 2 வினாடி பேசும். நாய் 2 வினாடி காத்திருந்து மறுமொழி சொல்லும். பல பயிற்சித் தாள்களும் இப்படியே வழிகாட்டுகின்றன. பூனையின் வசனத்தைச் சற்று நீட்டினால் போதும், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவர். உடனே மாணவர் எல்லா எண்களையும் மீண்டும் மாற்றத் தொடங்குவார். 2ஐ 3 ஆக்குவார். 3ஐ 5 ஆக்குவார். பெரியவர்கள் 30ஐ 60 ஆக்குவது இங்கேதான் தொடங்குகின்றது.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இப்படி மாற்றி மாற்றிச் சலித்துப்போய், “ஐயா, பூனை பேசி முடிச்சது நாய்க்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். அவளுக்கு விடை சொல்வதற்கு முன், வகுப்பு முழுவதையும் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். நிரலாக்கத்தில் ஒரு குழந்தை கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி அது. பிறகு, செய்தி அனுப்பும் கட்டையை எடுத்துக் காட்டினேன். பூனை பேசி முடித்ததும் ஒரு செய்தி அனுப்பட்டும். அந்தச் செய்தி வந்தால் நாய் பேசட்டும். வசனம் எவ்வளவு நீண்டாலும் உரையாடல் குலையவில்லை. எண்களைத் திருத்தும் வேலையும் ஒழிந்தது.

பத்து வயதுப் பிள்ளைக்குத் தோன்றிய கேள்வி நமக்கும் தோன்ற வேண்டும். இன்றே உங்கள் பள்ளியின் ஸ்கிரிப்டுகளைத் திறந்து, ‘ஸ்லீப்’ என்ற சொல் எங்கெல்லாம் வருகின்றது என்று தேடுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கேள்விகளை எழுதுங்கள். நான் எதற்காகக் காத்திருக்கிறேன்? அது நடந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் கேள்விக்கு விடை இல்லாத வரிகளை முதலில் திருத்துங்கள். கோப்புகளை நீக்கும் கட்டளைக்கு முன்னால் அத்தகைய வரி நின்றால், அதைத் திருத்தும்வரை அந்த ஸ்கிரிப்டை ஓட்டவே வேண்டா.

அன்புடன்,
கணினிக்கூடப் பொறுப்பில் உங்களோடு நிற்கும் தமிழாசிரியன்